மாற்ற ஒரு நிமிடம், மறக்க ஒரு நாள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இணையதளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு நான் மாற்றியது ஒரு சனிக்கிழமை இரவு. கோப்புகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. பாக்கி ஒரே வேலை. எங்கள் டொமைனை, அதாவது தளத்தின் பெயரை, அமேசானின் ரூட் 53 சேவையில் வைத்திருந்தோம். பெயரைக் கேட்பவர்களுக்கு சர்வரின் முகவரியைச் சொல்வது அதன் வேலை. அங்கே போய், பெயருக்கு நேரே சர்வரின் எண் முகவரியை எழுதும் 'ஏ ரெக்கார்டு' என்ற பதிவில் இருக்கும் பழைய ஐபி முகவரியை எடுத்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். எழுதினேன். திரையில் 'பென்டிங்' என்று வந்தது. ஒரு நிமிடத்துக்குள் அது 'இன்சிங்க்' ஆனது. உலகம் முழுக்க இருக்கும் ரூட் 53 சர்வர்களுக்குப் புது முகவரி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள். கைப்பேசியில் திறந்து பார்த்தேன், புதுத் தளம் வந்தது. படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை எங்கள் குழுவின் இளையவன் கூப்பிட்டான். "அண்ணே, நேத்து போட்ட கட்டுரைக்கு நாலு கமென்ட் வந்திருக்குன்னு மொபைல் டேட்டாவுல காட்டுது. எங்க வீட்டு வைஃபையில பார்த்தா ஒண்ணுகூட இல்லண்ணே."

வாசகர்களில் ஒரு பகுதி புது சர்வருக்கும் மறு பகுதி பழையதற்கும் போய்க்கொண்டிருந்தார்கள். கமென்ட்டுகள் இரண்டு இடத்திலும் விழுந்துகொண்டிருந்தன. நான் எழுதிய முகவரி சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்த எண்ணைத்தான் பார்க்காமல் விட்டிருந்தேன்: 86400.

டிடிஎல் எனப்படும் அந்த எண், ஒரு பதிலை எத்தனை வினாடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டவருக்கு நாம் தரும் அனுமதி. 86400 வினாடி என்றால் முழுசாக ஒரு நாள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு ரிசால்வர், அதாவது வாசகர்களுக்காக முகவரி கேட்டுவரும் கணினி, ஞாயிறு மாலை ஆறு மணி வரை மறுபடி கேட்காது. அதற்குள் நான் என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியப்போவதில்லை. கூப்பிட்டுச் சொல்லவும் வழி கிடையாது. ரிசால்வர் கேட்டால் பதில் உண்டு. கேட்காதவரிடம் போய்ச் சொல்லும் ஏற்பாடு இல்லை.

இந்த ரிசால்வர் நமக்கு ஓர் இடையாள். கைப்பேசியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், கைப்பேசி முதலில் தன் நினைவைப் பார்க்கும். இல்லையென்றால் இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் ரிசால்வரையோ, கூகுளின் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வரையோ கேட்கும். அதற்கும் தெரியாவிட்டால்தான் உண்மையான பயணம் தொடங்குகிறது. உச்சியில் இருக்கும் ரூட் சர்வர், 'டாட் காம் பற்றி அவர்களைக் கேள்' என்று கைகாட்டும். டாட் காம் சர்வர், 'இந்த டொமைனுக்குப் பொறுப்பு இந்த நான்கு நேம் சர்வர்கள்' என்று சொல்லும். அந்த நான்கில் ஒன்றிடம் கேட்டால்தான் முகவரி கிடைக்கும். ரூட் 53 உட்கார்ந்திருப்பது இந்தக் கடைசிப் படியில். (ரூட் சர்வரின் 'ரூட்' வேர், ரூட் 53-இன் 'ரூட்' பாதை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 53 என்பது, டிஎன்எஸ் எனப்படும் இந்தப் பெயர்-முகவரி ஏற்பாட்டின் கேள்விகள் வந்து சேரும் போர்ட் எண், அதாவது சர்வரின் வாசல் எண்.)

டிஎன்எஸ் என்றதும் தொலைபேசிப் புத்தகத்தை உவமை சொல்வது வழக்கம். ஒரு காலத்தில் அது அப்படியே பொருந்தியது. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் நாள்களில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில், வலையிலுள்ள எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. மற்றவர்கள் அதை அவ்வப்போது இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்தக் கோப்பைக் கட்டி மேய்க்க முடியவில்லை. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிவியலாளர் வேறு வழி வகுத்தார்: பெயர்களைக் கிளை கிளையாகப் பிரித்து, கிளைக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது, கேட்டுச் சென்றவர்கள் பதிலைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வது. அந்த நினைவு இல்லாவிட்டால், உலகத்தின் ஒவ்வொரு சொடுக்கும் கடைசிப் படி வரை ஏறிவர வேண்டியிருக்கும். என் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்ததும் இணையத்தைத் தாங்கி நிற்பதும் ஒரே ஏற்பாடுதான்.

அமேசான் இந்தச் சேவையைத் தொடங்கியது 2010 டிசம்பரில். ஒரு டொமைனை அங்கே சேர்த்தால் அதற்கென 'ஹோஸ்டட் ஸோன்' ஒன்று திறக்கும். மாதம் அரை டாலர் கட்டணம். கூடவே நான்கு நேம் சர்வர்களின் பெயர்கள் கிடைக்கும். அவற்றை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒன்று டாட் காமில் முடியும், ஒன்று டாட் நெட்டில், ஒன்று டாட் ஆர்க்கில், இன்னொன்று டாட் கோ டாட் யூகேயில். அந்தக் கிளைகளில் ஏதாவது ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்ற மூன்றின் வழியாக உங்கள் டொமைனை அடையலாம்.

அந்த நான்கைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு எனக்கு இன்னும் பிடிக்கும். ரூட் 53-இல் 2048 மெய்நிகர் நேம் சர்வர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு டொமைனுக்கும் அவற்றிலிருந்து நான்கை எடுத்துக் கொடுக்கிறார்கள். 2048-இலிருந்து நான்கை எத்தனை விதமாக எடுக்கலாம்? சுமார் 73,000 கோடி விதம். எந்த இரண்டு வாடிக்கையாளருக்கும் இரண்டுக்கு மேல் பொதுவாக அமையாமல் பார்த்துக்கொள்ள அது தாராளமாகப் போதும். ஒரு டொமைன் மீது யாராவது கோடிக்கணக்கில் போலிக் கேள்விகளைக் கொட்டினால் அதன் நான்கு சர்வர்களும் திணறலாம். மற்ற எவருக்கும் குறைந்தது இரண்டு சர்வர்களாவது அந்தத் தாக்குதலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். ஒன்றிடம் பதில் வராவிட்டால் ரிசால்வர் அடுத்ததைக் கேட்டுக்கொள்ளும். 2016 அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை மிராய் வைரஸ் பிடித்த கேமராக்களும் வீடியோ பதிவுப் பெட்டிகளும் தாக்கியபோது, ட்விட்டர், ரெட்டிட், ஸ்பாட்டிஃபை என்று அதை நம்பியிருந்த தளங்கள் ஒரே நேரத்தில் எட்டாமல் போயின. அந்த நாளை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் அருமை புரியும்.

ரெக்கார்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏ என்பது பழைய வகை ஐபி முகவரி, குவாட்-ஏ புதிய வகை. எம்எக்ஸ், மின்னஞ்சலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்லும். சிநேம், 'எனக்கு இன்னொரு பெயர் உண்டு, அதைக் கேள்' என்று சொல்லும். பலர் தடுக்கி விழுவது சிநேமில்தான். முன்னால் எதுவும் ஒட்டாத வெறும் டொமைன் பெயருக்கு சிநேம் வைக்கக் கூடாது. சிநேம் இருக்கும் பெயரில் வேறு முக்கிய ரெக்கார்டு இருக்கக் கூடாது என்பது விதி. வெறும் டொமைன் பெயரிலோ நேம் சர்வர் ரெக்கார்டு கட்டாயம் இருந்தாக வேண்டும். வரும் கூட்டத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும், கிளவுடில் உள்ள லோடு பேலன்சருக்குப் பெரும்பாலும் நிலையான ஐபி கிடையாது, பெயர்தான் உண்டு. அப்படியானால் வெறும் டொமைனை அதனுடன் எப்படி இணைப்பது? இதற்காகவே ரூட் 53 'ஏலியாஸ்' என்ற ரெக்கார்டை வைத்திருக்கிறது. கேள்வி வரும் நேரத்தில் லோடு பேலன்சரின் அப்போதைய ஐபி எதுவென்று தானே பார்த்து, சாதாரண ஏ ரெக்கார்டு போலப் பதில் கொடுத்துவிடும்.

தொலைபேசிப் புத்தக உவமை உடைவது இந்த இடத்தில்தான். புத்தகம் எல்லோருக்கும் ஒரே எண்ணைக் காட்டும். ரூட் 53-ஓ, யார் கேட்கிறார், எங்கிருந்து கேட்கிறார், எந்த சர்வர் உயிரோடு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறது.

ஒரே பெயருக்கு இரண்டு ரெக்கார்டு எழுதி, ஒன்றுக்கு 95, இன்னொன்றுக்கு 5 என்று எடை கொடுக்கலாம். நூறு கேள்வியில் ஏறக்குறைய ஐந்து புது சர்வருக்குப் போகும். புதிய பதிப்பைக் கொஞ்சம் பேரிடம் மட்டும் விட்டுப் பார்க்க நல்ல வழி. கேட்பவரின் நாட்டைப் பார்த்துப் பதில் சொல்லும் முறையும் உண்டு. அதில் எந்த நாட்டிலும் சேராதவருக்கு என ஒரு பொது ரெக்கார்டு வைக்க மறந்தால், அவர்களுக்குப் பதிலே போகாது.

தாமதத்தைப் பார்த்து வழிவிடும் முறை இவற்றில் நுட்பமானது. சென்னையிலிருந்து மும்பை கிட்டத்தில், சிங்கப்பூர் தொலைவில். ஆனால் சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள்கள் நேராகப் போகின்றன. ஒருவரின் இணைப்புக்கு எது சீக்கிரம் என்பதை வரைபடத்தில் அளந்து சொல்ல முடியாது. பல வலையமைப்புகளிலிருந்து தன் தரவு மையங்களுக்கு ஆகும் நேரத்தை அமேசான் அளந்து சேர்த்து வைத்திருக்கிறது. பதில் அந்த அளவீட்டிலிருந்து வருகிறது.

ஆனால் ரூட் 53-இடம் வந்து நிற்பது ரிசால்வர்தான். நீங்கள் மதுரையில் இருக்கலாம், உங்கள் ரிசால்வர் வேறு நாட்டில் இருக்கலாம். இதைச் சமாளிக்க, கேட்பவரின் ஐபி முகவரியில் முன்பகுதியை மட்டும் கேள்வியோடு சேர்த்து அனுப்பும் முறை ஒன்று உண்டு. 203.0.113.77 என்பவர் கேட்டால் 203.0.113.0 என்று கடைசி எண்ணை மறைத்து அனுப்புவார்கள். கூகுளின் ரிசால்வர் இப்படி அனுப்புகிறது. கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, பயனரின் அந்தரங்கம் கருதி அனுப்புவதில்லை. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ரிசால்வரை மாற்றினால் வீடியோ ஓடும் வேகம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை இன்னும் சுவையானது. உலகின் பல மூலைகளிலிருந்து சோதனைக் கணினிகள் அதைத் தட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றும் 30 வினாடிக்கு ஒரு முறை. கூடுதல் கட்டணம் கட்டினால் 10 வினாடிக்கு ஒரு முறை. தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் அந்தச் சோதனைக் கணினி 'படுத்துவிட்டது' என்று முடிவு கட்டும். ஆனால் ஒருவர் பேச்சைக் கேட்டு ரூட் 53 தீர்ப்பு எழுதாது. 18 சதவீதத்துக்கு மேலான சோதனையாளர்கள் 'நலம்' என்றால் நலம்தான். ஏதோ ஒரு கேபிள் அறுந்து சில ஊர்களுக்கு மட்டும் எட்டாமல் போன சர்வரைச் செத்ததாக எழுதிவிடக் கூடாதே.

எல்லா சர்வருமே செத்துவிட்டன என்று தெரிந்தால்? எல்லாமே நலம் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லும். முதலில் படித்தபோது எனக்கு இது விளங்கவில்லை. யோசித்தால் வேறு வழியில்லை. பதிலே சொல்லாமல் இருந்தால் ஒருவர்கூட உள்ளே வர முடியாது. சொன்னால் ஒருவேளை சோதனைதான் தவறாக இருந்திருக்கலாம், சிலராவது வந்து சேரலாம்.

இதனால்தான் மாற்று சர்வருக்கான ரெக்கார்டை முன்கூட்டியே எழுதி, சோதனையோடு கட்டி வைக்க வேண்டும் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். கேள்விக்குப் பதில் சொல்லும் ரூட் 53 உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அமேசான் அதற்கு 100 சதவீதம் கிடைக்கும் என்றே உறுதி தருகிறது. ரெக்கார்டைத் திருத்தும் பகுதியின் இருப்பிடமோ அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா. அங்கே கோளாறு வந்த நேரத்தில் பதறிப்போய் ரெக்கார்டைத் திருத்தப் போனால் கதவு திறக்காமல் போகலாம்.

அங்கே ஒருநாள் கோளாறு வந்தது. 2025 அக்டோபர் 20. தமிழ்நாட்டில் அன்று தீபாவளி. நம் நேரப்படி பகல் 12:18-க்கு, அமேசானின் டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவையின் வர்ஜீனியா முகவரி டிஎன்எஸ்ஸிலிருந்து காணாமல் போனது. ஸ்னாப்சாட், சிக்னல், ரோப்லாக்ஸ், டுவோலிங்கோ என்று வரிசையாகத் திணறின.

அமேசான் பின்னர் வெளியிட்ட விளக்கத்தில் நடந்தது தெளிவாக இருக்கிறது. டைனமோடிபிக்கு லட்சக்கணக்கான டிஎன்எஸ் ரெக்கார்டுகள். கையால் ஆகிற வேலையில்லை. ஒரு நிரல், எந்த லோடு பேலன்சருக்கு எவ்வளவு பங்கு என்று திட்டம் போட்டபடியே இருக்கும். இன்னொரு வகை நிரல், அந்தத் திட்டத்தை எடுத்து ரூட் 53-இல் எழுதும். ஒன்று விழுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்று எழுதும் நிரலை மூன்று இடங்களில் தனித்தனியாக ஓட்டினார்கள். அன்று அதில் ஒன்று வழக்கத்துக்கு மாறாக மெதுவாகிவிட்டது. கையில் இருப்பது புதிய திட்டம்தானா என்று அது தொடக்கத்தில் பார்த்திருந்தது. எழுதி முடிப்பதற்குள் அந்தச் சோதனை காலாவதியாகிவிட்டது. இதற்குள் இரண்டாவது நிரல் மிகப் புதிய திட்டத்தை எழுதி முடித்து, பழைய திட்டங்களைத் துடைக்கத் தொடங்கியது. அதே நேரத்தில் மெதுவான முதல் நிரல் வந்து, தன் பழைய திட்டத்தைப் புதியதன் மேல் எழுதியது. துடைத்துக்கொண்டிருந்த நிரல் அதைப் பார்த்தது: இது மிகப் பழையது. துடைத்தது. அந்தப் பெயருக்குக் கீழே ஒரு முகவரிகூட மிஞ்சவில்லை. இந்தக் குளறுபடிக்குப் பின் எந்த நிரலாலும் புதிதாக எழுதவும் முடியவில்லை. மனிதர்கள் கைவைக்க வேண்டியதாயிற்று.

ஒரு பெயருக்கு முகவரி 'இல்லை' என்ற பதிலும் ரிசால்வரின் நினைவில் நிற்கும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ரெக்கார்டை எழுதுவதற்கு முன்பே அவசரப்பட்டு அந்தப் பெயரைத் திறந்து பார்த்தால், எழுதிய பிறகும் கொஞ்ச நேரம் 'இல்லை' என்றே வரும். ரூட் 53-இல் நாம் எதையும் மாற்றாவிட்டால் அந்த நேரம் 900 வினாடி.

எங்கள் தளத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சர்வர் மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை 60 ஆக்கிவிடுவோம். பழைய 86400-ஐ நம்பிக்கொண்டிருக்கும் ரிசால்வர்கள் எல்லாம் ஒரு சுற்று மறந்துவிட்டு, 60-ஐ எடுத்துக்கொண்ட பிறகுதான் முகவரியில் கைவைப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய சர்வரை மாலை வரை அணைக்காமல் வைத்திருந்து, இரண்டு பக்கத்துக் கமென்ட்டுகளையும் தம்பி ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தான்.

தீபாவளியன்று அமேசான் பொறியாளர்கள் ரெக்கார்டுகளை முழுவதுமாகத் திரும்ப எழுதி முடித்தபோது நம் நேரம் பிற்பகல் 2:55. டைனமோடிபி அந்த நிமிடமே எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. ரிசால்வர்கள் தங்கள் நினைவில் இருந்ததை ஒவ்வொன்றாக மறந்து, மறுபடி கேட்டு, இணைப்புகள் திரும்ப 3:10 ஆயிற்று.