ஒரு லட்சம் மெயில் ஐடி மூவாயிரம் ரூபாயாம், தயவுசெஞ்சு வாங்கிராதீங்க

"ஏனுங்க தம்பி, நாம அனுப்பற பில்லு கூட யாருக்கும் போக மாட்டேங்குதுங்களே, வெப்சைட்டு கெட்டுப்போச்சுங்களா?" போன வருசம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல வந்த போன் இது. பேசினவரு காங்கேயம் பக்கம் செக்கு போட்டு கடல எண்ணெய், நல்லெண்ணெய், தேங்கா எண்ணெய் ஆட்டி ஆன்லைன்ல வித்துட்டிருக்கற ஒரு அண்ணன். ஆர்டர் போட்டவங்க எல்லாம் போன் பண்ணி "காசு போயிருச்சு, மெயில் ஒண்ணும் வரலையே, ஏமாத்தற சைட்டா"ன்னு கேக்கறாங்களாம். வெப்சைட்டுல ஒரு கோளாறும் இல்ல. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வாட்ஸ்அப்ல "டேட்டா வேணுமா சார்"ன்னு வந்த ஒருத்தர்கிட்ட மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு லட்சம் மெயில் ஐடி வாங்கி, தன்னோட கடை டொமைன்ல, அதாவது வெப்சைட்டு பேர்ல இருந்தே எல்லாத்துக்கும் ஆஃபர் மெயில் தட்டி விட்டுட்டாரு. அதத்தான் என்கிட்ட கடைசியா சொன்னாரு, அதுவும் நான் மூணு தடவ கேட்டப்புறம்.

சின்ன சின்ன ஆன்லைன் கடைகளுக்கு மெயில் செட்டப் பண்ணிக் கொடுக்கறதுதான் என் பொழப்பு. எனக்கு வர்ற கேஸ்ல பாதி இந்த மாதிரி, ஒடம்பு முழுக்க வெஷம் ஏறினப்புறம் தூக்கிட்டு வர்ற கேஸ். அதனாலதான் இத எழுதறேன்.

அந்த எக்ஸெல் ஷீட்ட வாங்கிப் பாத்தேன். பேரே "சென்னை பணக்கார கஸ்டமர் டேட்டா". உள்ள பாத்தா பாதிக்கு மேல இன்ஃபோ, சேல்ஸ், அட்மின்னு ஆரம்பிக்கிற கம்பெனி ஐடிங்க, ஒரே ஐடி நாலு எடத்துல, பல வருசம் முன்னாடி இழுத்து மூடின கம்பெனியோட டொமைன், ஒரு காலேஜோட பிரின்சிபல் ஐடி கூட இருந்துச்சு. இதெல்லாம் வெப்சைட்டுங்கள்ல இருந்து ரோபோ வெச்சு சுரண்டி எடுத்தது. இதுல எவன் செக்கெண்ணெய் வாங்குவான்? அனுப்பின மெயில்ல பெரும் பங்கு "இப்படி ஒரு ஆளே இல்ல"ன்னு திரும்பி வந்திருக்கு, ஹார்ட் பவுன்ஸ்ன்னு சொல்லுவோம். மெயில் அனுப்பற டூல்காரங்க அன்னைக்கு சாயங்காலமே அக்கவுண்ட்ட நிறுத்திட்டாங்க.

இதுல இன்னொரு கண்ணி இருக்கு, அது நிறைய பேருக்குத் தெரியாது. ஸ்பாம்ஹவுஸ் மாதிரி பிளாக்லிஸ்ட், அதாவது ஸ்பாம் அனுப்பறவங்க பட்டியல் நடத்தறவங்க, அப்பறம் பெரிய மெயில் கம்பெனிங்க, யாருக்கும் சொந்தமில்லாத சில ஐடிங்கள வேணும்னே வெச்சிருப்பாங்க. ஸ்பாம் ட்ராப். எலிப்பொறி மாதிரிதான். அந்த ஐடி எந்த ஃபார்ம்லயும் போய் சைன்அப் பண்ணாது, அதுக்கு மெயில் வந்தா அனுப்பினவன் லிஸ்ட்ட திருடிருக்கான் இல்ல காசு கொடுத்து வாங்கிருக்கான்னு அர்த்தம். வருசக்கணக்கா யாரும் தொடாம செத்துப்போன பழைய ஐடியையும் இப்படி பொறியா மாத்துவாங்க. எந்த ஐடி பொறின்னு வெளிய சொல்ல மாட்டாங்க. ஆக அந்த ஒரு லட்சத்துல எது பொறின்னு எனக்கும் தெரியாது, வித்தவனுக்கும் தெரியாது.

இதுல அண்ணனுக்கு நடந்தது என்னன்னா, ஆஃபர் மெயில் கெட்டதோட நிக்கல, டொமைன் பேரே கெட்டுப்போச்சு. ஜிமெயிலப் பொறுத்தவரைக்கும் ஆஃபரும் பில்லும் ஒரே வீட்ல இருந்து வர்ற லெட்டர்தான். வீட்டுக்குக் கெட்ட பேருன்னா கல்யாணப் பத்திரிகையையும் பிரிக்க மாட்டாங்கல்ல, அதான் ஆர்டர் கன்ஃபர்மேஷன் எல்லாம் ஸ்பாமுக்குப் போயிருச்சு. காசு கட்டி உக்காந்திருக்கற கஸ்டமருக்கு பில்லு போகலன்னா அவன் அடுத்த தடவ வருவானா.

சட்டமும் இப்ப முன்ன மாதிரி இல்லீங்க. நம்ம நாட்டுல 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, சம்மதம்ங்கறதுதான் அதுக்கு அஸ்திவாரம், உச்சபட்ச அபராதம் 250 கோடி வரைக்கும். சின்ன கடைய யாரு பிடிக்கப்போறான்னு கேப்பீங்க, சரி, ஆனா லண்டன்லயும் பாரீஸ்லயும் இருக்கற நம்ம ஆளுங்களுக்கு சேலை அனுப்பற கடைங்க இருக்கு, அங்க 2018ல இருந்தே ஜிடிபிஆர்ங்கற இதே மாதிரி சட்டம் கறாரா ஓடுது.

"அது கெடக்குது தம்பி, நம்மூர்ல யாரு மெயில் பாக்கறாங்க, எல்லாம் வாட்ஸ்அப்தானே"ன்னு அண்ணன் கேட்டாரு. நியாயமான கேள்விதான். நானும் வாட்ஸ்அப் வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல. ஆனா பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒண்ணுல 256 பேருதான், அதுவும் உங்க நம்பர அவங்க போன்ல சேவ் பண்ணிருந்தாத்தான் போகும். அதத் தாண்டணும்னா கம்பெனிங்களுக்குன்னு இருக்கற வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐக்குப் போகணும், ஒவ்வொரு மார்க்கெட்டிங் மெசேஜுக்கும் காசு. மெயில் அப்படியில்ல, மொத்தமா மெயில் அனுப்பறதுக்கு அமேசான் நடத்தற எஸ்ஈஎஸ் சேவைல ஆயிரம் மெயிலுக்கு பத்து சென்ட், நம்ம காசுக்கு பத்து ரூபாய் பக்கம். அதவிட பெரிய விசயம், லிஸ்ட் உங்க கையில இருக்கும். 2020 ஜூன் 29ந்தேதி ராத்திரி டிக்டாக்க தடை பண்ணாங்கல்ல, அன்னைக்கு லட்சக்கணக்குல ஃபாலோயர்ஸ் வெச்சிருந்த எத்தன பேரு மறுநாள் காலைல ஒருத்தரோட அட்ரஸ் கூட கையில இல்லாம நின்னாங்க. 2021 அக்டோபர் 4ந்தேதி ராத்திரி 9 மணிக்கு மேல ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூணும் சேந்து படுத்துச்சே, ஆறு மணி நேரம், அன்னைக்கு ஆர்டர் எடுக்கற வழியே இல்லாம உக்காந்திருந்தவங்கள எனக்குத் தெரியும். மெயில் லிஸ்ட்ட எக்ஸ்போர்ட் பண்ணி பென்டிரைவ்ல போட்டு பீரோல வெச்சுக்கலாம், டூல் மாறினாலும் லிஸ்ட் நம்மளோடது.

சரி, அண்ணன் கதைக்கு வரேன். மொதல்ல அந்த ஒரு லட்சத்த அழிக்கச் சொன்னேன். மனசே வரல அவருக்கு, "கொஞ்சத்தயாச்சும் வெச்சுக்கலாங்களா"ன்னாரு. அப்பறம் "உங்ககிட்ட வாங்கினவங்க ஐடி எவ்வளவு இருக்கு"ன்னு கேட்டா, ஒரு நோட்டுப்புத்தகத்த எடுத்துட்டு வந்தாரு. கோயம்புத்தூர்ல ஒரு கண்காட்சில ஸ்டால் போட்டப்ப மேசை மேல வெச்சிருந்த கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு, எண்ணெய்க் கறை பட்டு ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிக் கெடக்கு. பேரு, போன், மெயில்னு மூணு கட்டம். நான், அண்ணன், அவரு பொண்ணு மூணு பேரும் உக்காந்து டைப் பண்ணோம். ஜிமெயில் டாட் காம்ங்கற எடத்துல டாட் கான்னு எத்தன, ஜிமெயில்ங்கறதுலயே எழுத்து மாறி எத்தன, நம்பர் 1ஆ இங்கிலீஷ் எழுத்து lஆன்னு புரியாதது எத்தன, ஒருத்தர் மெயில் கட்டத்துல "பையன கேட்டு சொல்றேன்"னு எழுதி வெச்சிருந்தாரு. அப்படியே அனுப்பினா அதுவும் பவுன்ஸ்தான். அதனால தெளிவா இருந்தத மட்டும் எடுத்து, ஒரே ஒரு மெயில், "கண்காட்சில எங்க ஸ்டாலுக்கு வந்தீங்க, எண்ணெய் பத்தி மாசம் ஒண்ணு ரெண்டு மெயில் அனுப்பலாமா, சரின்னா இந்த பட்டன அமுக்குங்க." இதத்தான் டபுள் ஆப்ட்இன்ம்பாங்க. பாதிப்பேரு அமுக்கல. அண்ணனுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. அமுக்காதவன் நம்ம கஸ்டமர் இல்லீங்கண்ணா, அவன இழுத்துப்பிடிச்சு வெச்சா நாளைக்கு ஸ்பாம்னு அமுக்குவான்.

வெப்சைட்டுல வர்றவங்கள எப்படி சேக்கறதுன்னு அடுத்த பேச்சு. எல்லாரும் பண்றது "மெயில் கொடுத்தா 10% தள்ளுபடி". நான் அதுக்கு அவ்வளவா ஒத்துக்க மாட்டேன், கூப்பனுக்காக வர்றவன் கூப்பன் முடிஞ்சதும் போயிருவான், நிறைய பேரு குப்ப ஐடி ஒண்ணு இதுக்குன்னே வெச்சிருக்காங்க. அண்ணன்கிட்ட "கஸ்டமருங்க உங்கள அடிக்கடி என்ன கேப்பாங்க"ன்னு கேட்டேன். மூச்சு விடாம சொன்னாரு. ஏன் உங்க கடல எண்ணெய் இவ்வளவு வெல? ஒரு லிட்டருக்கு ரெண்டேகால் ரெண்டரை கிலோ பருப்பு வேணும், பருப்பு வெலைய அதால பெருக்கிப்பாருங்க, அதுக்குக் கீழ எவனாச்சும் வித்தா அது என்ன எண்ணெய்ன்னு நீங்களே யோசிங்க. நல்லெண்ணெய்ல ஏன் லேசா இனிப்பு வாசம்? எள்ளு ஆட்டறப்ப கருப்பட்டி போடறோம். மார்கழில தேங்கா எண்ணெய் ஏன் உறையுது, மெழுகு கலந்துட்டீங்களா? 24 டிகிரிக்குக் கீழ போனா நல்ல தேங்கா எண்ணெய் உறையத்தான் செய்யும். இத விட என்ன வேணும், இந்த மூணும் மூணு மெயில். அவரு பேசினத போன்ல ரெக்கார்ட் பண்ணி அப்படியே டைப் பண்ணோம், "அன்பார்ந்த வாடிக்கையாளரே"ங்கறத மட்டும் நான் அடிச்சு எடுத்தேன்.

ஃபார்ம்ல மெயில் ஐடியோட ஒரே ஒரு கேள்வி கூட வெச்சோம்: உங்க வீட்ல எத்தன பேரு சாப்பிடறீங்க? காசு பாத்தது இந்த ஒத்தக் கேள்வியாலதான். ஏன்னா எண்ணெய் தீர்ற பண்டம். நாலு பேரு இருக்கற வீட்டுக்கு அஞ்சு லிட்டர் போச்சுன்னா எப்ப தீரும்னு அண்ணனுக்கு மனக்கணக்கு இருக்கு. தீர்றதுக்கு அஞ்சு நாள் முன்னாடி ஒரு மெயில் தானா போகும், "டின்ன ஒருக்கா ஆட்டிப்பாருங்க, அடுத்த வாரத்துக்குள்ள தீந்துரும்"ன்னு, கீழ போன தடவ வாங்கின அதே ஆர்டருக்கு ஒரு பட்டன். தள்ளுபடி கெடையாது. எல்லா ஆஃபர் மெயிலையும் சேத்தாலும் இந்த ஒரு மெயில் கொண்டு வர்ற ஆர்டர் அளவுக்கு வரல. இதப் பாத்துட்டு சென்னிமலைல பெட்ஷீட் விக்கிற ஒரு அக்கா எனக்கும் அதே மாதிரி வேணும்னாங்க. போர்வை மாசாமாசம் கிழியுமாக்கா? அவங்களுக்கு வருசத்துக்கு நாலஞ்சு மெயில் போதும், அதுலயும் தீபாவளிக்கு முன்னாடி போறதுதான் மெயின். லிஸ்ட் லாபம் தருமாங்கறது நீங்க விக்கிற பொருள் எத்தன நாள்ல தீருதுங்கறதப் பொறுத்த விசயம்.

டெக்னிக்கல் பக்கம் கொஞ்சம் போரடிக்கும், ஆனா இதத் தாண்டாம வேலைக்காகாது. உங்க கடைல இருந்து உங்க சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, கம்ப்யூட்டர்ல தொறந்து, மூணு புள்ளிய அமுக்கி "ஷோ ஒரிஜினல்" போடுங்க. மேல எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மூணு வரி வரும், மூணுக்கும் நேரா பாஸ்ன்னு இருக்கணும். எஸ்பிஎஃப்னா இந்த டொமைன் பேர்ல அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதின்னு போட்டு வெக்கிற பட்டியல், டிகிம்னா கவர் மேல வெக்கிற அரக்கு சீல், டிமார்க்னா இது ரெண்டும் சரியில்லைன்னா லெட்டர என்ன பண்ணணும்னு நீங்க சொல்லி வெக்கிறது. அண்ணனுக்கு டிகிம் ஃபெயில், டிமார்க் வரியே காணோம். 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதக் கட்டாயம் ஆக்கிட்டாங்க. ஜிமெயில் ஐடிங்களுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல அனுப்பறவங்களுக்கு மூணும் வேணும், கூடவே ஒரே அமுக்குல விலகற பட்டனும் வேணும். அதுக்குக் கம்மியா அனுப்பறவங்களும் மூணையும் போட்டு வெச்சுருங்க, ஒரு மணி நேர வேலை. அப்பறம் கடைப்பேர் போட்ட ஜிமெயில் ஐடிய ஃப்ரம் அட்ரஸா வெச்சு டூல்ல இருந்து மொத்தமா அனுப்பறது, அத அடியோட விட்டுருங்க. அண்ணனுக்கு ஆஃபருக்கு ஒரு சப்டொமைன் (கடை டொமைனுக்கு முன்னாடி ஒரு பேர் சேத்த கிளை), பில்லுக்கு வேறன்னு பிரிச்சோம், மொதல் வாரம் நெருக்கமான கஸ்டமருங்க ஐம்பது பேருக்கு மட்டும் அனுப்பி கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினோம், பேரு மீண்டு வர மூணு மாசம் ஆச்சு.

அன்சப்ஸ்கிரைப் லிங்க்க வெள்ளைக்குப் பக்கத்துல இருக்கற சாம்பல் கலர்ல எறும்பு சைஸ்ல ஒளிச்சு வெக்கறாங்க பாருங்க, அவங்கள என்ன சொல்றது. கதவப் பூட்டினா ஜன்னல ஒடச்சுட்டுப் போவான். போக விடலன்னா ஸ்பாம்னு அமுக்குவான், கூகுள் சொல்ற வரம்பு 0.3%, ஆயிரம் பேருக்கு மூணு பேரு, 0.1%க்குள்ளயே வெச்சுக்கங்கன்னும் சொல்றாங்க. லிங்க்க தெளிவா வெச்சு அமுக்கினா ரெண்டு நாளுக்குள்ள எடுத்துருங்க. உங்க டொமைனுக்கு எத்தன பேரு அப்படி அமுக்கறாங்கன்னு கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்ல ஓசிலயே பாக்கலாம், அனுப்பற அளவு ரொம்பக் கம்மின்னா மட்டும் நம்பர் காட்டாது.

எத்தன பேரு மெயிலத் தொறந்தாங்கங்கற ஓப்பன் ரேட்டப் பாத்து குதிக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. 2021ல ஐஓஎஸ் 15 வந்ததுல இருந்து ஆப்பிள் மெயில் ஆப்புல பிரைவசி ஆன் பண்ணிருந்தா, அவன் மெயிலப் பாக்காமலே பாத்த மாதிரி கணக்கு ஏறும். ஐபோன் வெச்சிருக்கற கஸ்டமர் அதிகம்னா அந்த நம்பர் பாதி பொய். நான் கிளிக்கையும் ஆர்டரையும் மட்டும்தான் பாக்கறேன், ஆறு மாசமா ரெண்டும் இல்லாதவங்களுக்கு "இன்னும் அனுப்பட்டுமா"ன்னு ஒரு மெயில், பதில் இல்லைன்னா எடுத்துருவோம். பொங்கலுக்கு முன்னாடி அப்படி எடுத்தப்ப அண்ணன் என் மேல ரெண்டு நாளு கோவமா இருந்தாரு, லிஸ்ட் ஆயிரத்து சொச்சத்துக்கு எறங்கிருச்சுன்னு. அந்த ஆயிரத்து சொச்சந்தான் இப்ப மாசாமாசம் டின்ன ஆட்டிப்பாத்துட்டு ஆர்டர் போடுது.

இப்ப உறைஞ்ச எண்ணெய் மெயிலோட சப்ஜெக்ட் லைன்ல நிக்குது பஞ்சாயத்து. நான் "தேங்கா எண்ணெய் ஏன் உறையுது"ன்னு நல்லா அடக்கமா போட்டு வெச்சேன். அண்ணன் "பயப்படாதீங்க, வெயில்ல வெச்சா சரியாயிரும்"ன்னுதான் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. ரெண்டையும் பாதிப் பாதிப் பேருக்கு அனுப்பிப் பாத்துரலாம்னு சொல்லிருக்கேன், எனக்கென்னமோ அவருதான் ஜெயிப்பாருன்னு தோணுது.