கோப்பின் பெயரை மாற்றினால் ஆல்பம் பெயர் வந்துவிடாது

‘பாட்டெல்லாம் ஓடுகிறது, ஆல்பம் பெயர் மட்டும் காணோம்’ என்று மடிக்கணினியோடு வருபவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்கள் இன்னும் எதிலும் கைவைக்கவில்லை. உட்கார்ந்து பார்த்தால் முடிந்துவிடும் வேலை அது. ‘ஆல்பம் பெயர் இல்லை, அதனால் நானே கொஞ்சம் சரிசெய்தேன்’ என்று பேச்சைத் தொடங்குபவர்களைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

சென்ற வாரம் வந்தவர் இரண்டாம் வகை. அவரிடம் இருந்தவை அவருடைய தந்தை மேடைகளில் வாசித்த வயலின் பதிவுகள். ஒலிநாடாவிலிருந்து எம்பி3 ஆக மாற்றியவை. எந்த அரங்கு, எந்தத் தேதி, உடன் வாசித்தவர் யார் என்பதையெல்லாம் ஒவ்வொரு பதிவின் குறிப்புப் பகுதியிலும் ஆங்கில எழுத்தில் பொறுமையாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். சில பதிவுகளுக்கு மட்டும் ஆல்பம் பெயர் இல்லை. அதற்காக மொத்தச் சேமிப்பையும் தேர்ந்தெடுத்து, இணையத்திலிருந்து தகவல் பெறும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். விடுபட்டதை மட்டும் சேர்க்கலாம், இருப்பதை எல்லாம் மாற்றி எழுதலாம் என்று பிளேயர், அதாவது பாட்டை ஓட்டும் மென்பொருள், இரண்டு வழி காட்டியது. அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தந்தையின் வயலின் இப்போது ஏதோ ஒரு நடன இசைக் குழுவின் பெயரில், அவர்களுடைய அட்டைப் படத்தோடு கிடக்கிறது.

அழிந்த கோப்பை மீட்டுத் தருவதுபோல இதையும் மீட்டுத் தர முடியாதா என்று கேட்டார். கோப்பு அழிந்திருந்தால் முயன்று பார்க்கலாம். இங்கே கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குள் இருந்த எழுத்தின்மேல் வேறு எழுத்து ஏறிவிட்டது. ஒரே ஒரு ஓட்டை வழி மட்டும் இருந்தது. எம்பி3 கோப்பில் தகவல் எழுதும் ஐடி3 முறையின் முதல் வடிவம் 1996இல் வந்தது. அது கோப்பின் கடைசி 128 பைட்டில் உட்கார்ந்திருக்கும். தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, குறிப்புக்கு 30 என்று அதில் இடம் பங்கிடப்பட்டிருக்கும். 1998இல் வந்த இரண்டாம் வடிவம் கோப்பின் தொடக்கத்துக்குப் போய்விட்டது. பல மென்பொருள்கள் புதியதை மட்டும் மாற்றி எழுதிவிட்டுப் பழையதைத் தொடாமல் விட்டுவிடும். இவருடைய பிளேயரும் விட்டிருந்தது. அந்தக் கடைசி 128 பைட்டைத் தோண்டித் தலைப்புகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டோம். குறிப்புகள் பாதியில் அறுந்து நின்றன: அரங்கின் பெயர் இருக்கிறது, தேதி இல்லை. எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம்கூட வாய்ப்பதில்லை.

இந்தப் பொத்தான் செய்யும் கேட்டைவிட என் பொறுமையை அதிகம் சோதிப்பது இன்னொன்று. கோப்பின் பெயரை மாற்றினால் ஆல்பம் தகவல் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லோரிடமும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பாடல்களை ஒன்றொன்றாக எடுத்து, ஆல்பம் பெயர், பாடகர் பெயர், பாட்டின் பெயர் என்று கோடு போட்டுப் பெயர் சூட்டிவிட்டு, ‘இன்னமும் அன்நோன் ஆல்பம் என்றே காட்டுகிறது, பிளேயர் கெட்டுவிட்டது’ என்கிறார்கள். பிளேயர் கெடவில்லை ஐயா. அது நீங்கள் எழுதிய இடத்தைப் பார்க்கவே இல்லை.

பொறுமையாகச் சொல்கிறேன். கோப்பின் பெயர் என்பது அந்தக் கோப்புறையின் பட்டியலில் இயங்குதளம் எழுதி வைத்துக்கொள்ளும் ஒரு வரி. அது பாட்டுக் கோப்புக்குள் இருப்பதே இல்லை. பாட்டுக்குள் இருப்பது டேக். ஆல்பம், கலைஞர், வரிசை எண், ஆண்டு, அட்டைப் படம் எல்லாம் அந்த டேக்கில்தான் இருக்கின்றன. பிளேயர் பட்டியல் போடுவதும் அதை வைத்துத்தான். பிறகு ஏன் பெயரை மாற்றியதும் திரையில் மாறியது என்று கேட்பீர்கள். கேட்கிறார்கள், அதுவும் என்னை மடக்கிவிட்ட மகிழ்ச்சியோடு. டேக்கில் தலைப்பு காலியாக இருந்தால், எதையாவது காட்ட வேண்டுமே என்பதற்காகப் பல பிளேயர்கள் கோப்பின் பெயரை எடுத்துத் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் போடுகின்றன. அது கைமாற்று ஏற்பாடு. அதைப் பார்த்துத்தான் பெயரே எல்லாம் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். தலைப்புக்கு இப்படி ஒரு மாற்று உண்டு. ஆல்பம் பெயருக்குப் பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் அது அன்நோன் ஆல்பமாகவே நிற்கிறது.

பலன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெயர் மாற்றம் பாதகமும் செய்கிறது. பிளேயரின் நூலகம் ஒவ்வொரு பாட்டையும் அது இருக்கும் கோப்புறை, பெயர் இரண்டையும் வைத்தே நினைவில் வைத்திருக்கிறது. பெயர் மாறியதும் ‘கோப்பைக் காணவில்லை’ என்று ஆச்சரியக்குறி போடும். நீங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பாடல் வரிசைகள் காலியாகும். கடைசியில் இருக்கும் எம்பி3 என்ற ஒட்டையும் சேர்த்து அழித்துவிட்டு, பாட்டே திறக்கவில்லை என்று வந்தவர்களும் உண்டு.

சரி, ஏற்கெனவே பெயர்களை ஒழுங்காக மாற்றிவிட்டீர்கள் என்றால் அந்த உழைப்பு வீண்போகாது. எம்பி3டேக் போன்ற மென்பொருளில், கோப்பின் பெயரைப் பிரித்து டேக்கில் எழுதும் வசதி இருக்கிறது. கோட்டுக்கு முன்னால் இருப்பது கலைஞர், பின்னால் இருப்பது தலைப்பு என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் போதும், கோப்புறை முழுவதையும் அதுவே நிரப்பிவிடும். எல்லாப் பெயரும் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. பாதிப் பெயர்களில் கலைஞர் முன்னாலும் பாதியில் பின்னாலும் இருந்தால், பாட்டின் பெயரில் ஒரு பாடகரை உருவாக்கி வைத்துவிடும்.

இன்னொரு குழப்பம் சி.டி. பற்றியது. ‘பழைய கணினியில் போட்டால் பாட்டின் பெயரெல்லாம் வந்தது, புதியதில் டிராக் 1, டிராக் 2 என்று வருகிறது’ என்பார்கள். சி.டி.யிலேயே பெயர் இருந்ததாக நினைப்பு. 1980இல் வகுக்கப்பட்ட சி.டி. ஒலித்தட்டுத் தரநிலையில் பாட்டின் பெயருக்கு இடமே ஒதுக்கவில்லை. சி.டி. டெக்ஸ்ட் என்ற கூடுதல் ஏற்பாடு 1996இல்தான் வந்தது. அதைப் பயன்படுத்திய தட்டுகளும் குறைவு. உங்கள் பழைய கணினி செய்தது வேறு வேலை: தட்டில் எத்தனை பாடல், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்று அளந்து, அந்த அளவுக்குப் பொருந்தும் தட்டு எது என்று இணையத்தில் ஒரு பட்டியலைக் கேட்டது. அந்தப் பட்டியல் மூடப்பட்டால் பதில் வராது. பலர் நம்பியிருந்த ஃப்ரீடிபி என்ற பட்டியல் 2020இல் நின்றுபோனது. பழைய மென்பொருள் சில இன்னமும் அதன் வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டே பாடல் உள்ள தட்டு என்றால் அளவு ஒத்துப்போகும் வேறு தட்டுகள் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் பதிவுசெய்த தட்டுக்கு, கேள்வியேபடாத ஒரு குழுவின் பெயர் வருவது இப்படித்தான். வந்த பெயரைப் படித்துப் பார்க்காமல் சம்மதம் சொல்வது யார் தவறு?

இனி, செய்ய வேண்டியவை. முதலில் பாட்டுக் கோப்புறை முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். அதே டிஸ்க்கில் இன்னொரு கோப்புறையாக வைப்பது நகல் இல்லை. கோப்புகளைத் தானே பெயர் மாற்றி அடுக்கும் தேர்வு பிளேயரில் இருந்தால் அதை நிறுத்துங்கள். இணையத்திலிருந்து தகவல் எடுப்பதென்றால், விடுபட்டதை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஓர் ஆல்பம். மொத்தச் சேமிப்பையும் ஒருபோதும் தேர்ந்தெடுக்காதீர்கள். வேறு மென்பொருளில் டேக் எழுதும்போது பிளேயரை மூடிவிடுங்கள், பாதியில் பிடித்துக்கொண்டு எழுத விடாது. கோப்பு ‘படிக்க மட்டும்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றம் ஏறவில்லை என்ற புகார்களில் பாதி இதுதான்.

எந்த மென்பொருள் என்று கேட்பவர்களுக்கு: கையால் எழுத எம்பி3டேக் போதும். அடையாளமே தெரியாத பாடல்களுக்கு மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்டு. அது பாட்டின் ஒலியையே கேட்டு, ஒலிரேகை எடுத்து, தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்த பட்டியலோடு ஒப்பிடும். ஒலியை வைத்துப் பார்ப்பதால் பெயர் தப்பாக இருந்தாலும் பாட்டைப் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் ஒரே பாட்டு பத்துத் தொகுப்புகளில் வந்திருந்தால், உங்களிடம் இருப்பது எந்தத் தொகுப்பு என்று அதற்கு எப்படித் தெரியும்? அதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சேமிக்கும் பொத்தானை அழுத்தும்வரை கோப்பில் எதுவும் மாறாது. எனவே அவசரம் வேண்டாம்.

திருத்தி முடித்ததும் அதே பிளேயரில் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். பிளேயர் தன் நூலகத்தில் மட்டும் எழுதிக்கொண்டிருக்கலாம். ஒரு பாட்டை வேறொரு கருவிக்கு, கைபேசிக்கே கூட, நகலெடுத்துத் திறந்து பாருங்கள். அங்கே ஆல்பம் பெயர் தெரிந்தால்தான் அது கோப்புக்குள் ஏறியிருக்கிறது என்று பொருள். ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் வேவ் கோப்புகளில் இந்த ஏமாற்றம் அடிக்கடி நிகழ்கிறது. அதில் தகவல் எழுத வழி உண்டென்றாலும் ஆளுக்கொரு முறையில் எழுதுகிறார்கள். ஒன்று எழுதியது மற்றொன்றின் கண்ணில் படாது. அவற்றை ஃபிளாக் என்ற ஒலிக்கோப்பு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒலித்தரம் ஒரு துளியும் குறையாது, இடமும் மிச்சமாகும், டேக்கும் நிலைக்கும். பாட்டுக்கு நீங்கள் கொடுத்த நட்சத்திரமும் எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கும் பெரும்பாலும் நூலகத்தில்தான் இருக்கின்றன. கணினி மாற்றும்போது அந்த நூலகக் கோப்பையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

ஒரே ஆல்பம் பன்னிரண்டு ஆல்பமாகச் சிதறிக் கிடப்பது தகவல் இல்லாமல் போனதால் அல்ல. ஒவ்வொரு பாட்டையும் வெவ்வேறு பாடகர் பாடியிருப்பார், ‘ஆல்பம் ஆர்டிஸ்ட்’ என்ற கட்டம் காலியாக இருக்கும். அந்தக் கட்டத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே பெயரை, இசையமைப்பாளர் பெயரையோ ‘பல்வேறு கலைஞர்கள்’ என்றோ எழுதுங்கள். சிதறியவை ஒன்றுசேர்ந்துவிடும். பாடகர் பெயரை அழித்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒருவரையே பாடகர் ஆக்காதீர்கள், தயவுசெய்து. இரண்டு தட்டுள்ள தொகுப்புக்குத் தட்டு எண்ணுக்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது. ஆல்பம் பெயரின் வாலில் ஒட்ட வேண்டாம்.

தமிழில் டேக் எழுதுபவர்களுக்குத் தனியாக இரண்டு சொல். மேலே சொன்ன பழைய 30 பைட் கட்டம் தமிழுக்கு உதவாது. தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்க உதவும் யூனிகோடுக்கு அதில் இடமில்லை. பெயருக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறி தெரிந்தால், பிளேயர் அந்தப் பழைய டேக்கைப் படிக்கிறது என்று சந்தேகியுங்கள். அதை நீக்கிவிட்டு ஐடி3 2.3 வடிவத்தில் யுடிஎஃப்-16 என்ற யூனிகோடு முறையில் எழுதினால் பழைய கருவிகளும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாத கோளாறு. ‘தொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பல பிளேயர்களுக்கு அவை இரு வேறு பெயர்கள். ‘ஔ’வுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டினாலும், பெயரின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டுவிட்டாலும் இதே கதைதான். ஒரே பாடகர் பட்டியலில் இரண்டு முறை நின்றால் கண்ணால் ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஒன்றில் உள்ள பெயரை நகலெடுத்து எல்லாவற்றிலும் ஒட்டுங்கள்.

அட்டைப் படத்தை டேக்குக்குள்ளேயே வையுங்கள். ஆனால் 3 எம்பி படத்தைப் பன்னிரண்டு பாட்டிலும் ஒட்டினால் ஆல்பம் 36 எம்பி வீங்கும். சிறிதாக்கி ஒட்டுங்கள்.

உங்கள் சொந்தப் பதிவுகளைத் தனிக் கோப்புறையில் வைத்து, பிளேயரின் தானியங்கித் தேடல் அந்தப் பக்கமே போகாதபடி செய்யுங்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத பதிவுக்கு இணையம் தரும் பதில் ஒன்று வெற்றிடம், இல்லாவிட்டால் பொய். கடையில் வாங்கிய தட்டுக்குத் தகவல் கிடைக்கவில்லை என்றால், மியூசிக்பிரைன்ஸ் பட்டியலில் நீங்களே சேர்க்கலாம். அடுத்தவருக்கும் பயன்படும். ஆனால் பின் அட்டையை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதி வரிசை எண்ணை மாற்றிப் போட்டவர்களின் தட்டுகளும் என் மேசைக்குத்தான் வருகின்றன.