குழந்தையின் வயிற்றுக் கட்டியும் ‘கத்தி வைத்தால் பரவும்’ என்ற பயமும்

புற்றுக் கட்டியில் கத்தி வைத்தால் நோய் பரவிவிடும் என்று இந்த வாரமும் அதே பேச்சு. “பிள்ளைக்க வயித்துல கத்தி வச்சா பரவிரும்னு எல்லாரும் சொல்லுதாவ டாக்டர்.” சொன்னவர் குழித்துறைப் பக்கத்துக்காரர், மூன்று வயதுப் பெண் குழந்தையின் அப்பா. குளிப்பாட்டும்போது வயிற்றின் இடப்பக்கம் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டு, ஸ்கேனும் எடுத்து, சிறுநீரகக் கட்டி என்று அப்போதே தெரிந்திருக்கிறது. அதன் பிறகு இரண்டு மாதம் கஷாயம், நேர்ச்சை என்று போய்விட்டது. இப்போது நுரையீரலிலும் புள்ளிகள். கத்தி வைக்கவே இல்லை. பரவிவிட்டது.

அந்த அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. அறிவுரை சொன்ன அந்த ‘எல்லாரும்’ மேல்தான் கோபம். களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை இந்தப் பேச்சைக் கேட்காத குடும்பம் குறைவு.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். முன்பெல்லாம் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். வயிற்றைத் திறந்தால் எடுக்க முடியாத நிலை. அப்படியே மூடித் தையல் போட்டு அனுப்புவார்கள், சில வாரங்களில் குழந்தை போய்விடும். ஊர் பார்த்தது ஆப்பரேஷனையும் அதற்குப் பின் வந்த சாவையும் மட்டும்தான். அதற்கு முன் நோய் உள்ளே ஓடிய மாதங்களை யாரும் பார்க்கவில்லை. புற்று செல்கள் ரத்தத்திலும் நிணநீரிலும் தாமாகவே போகக்கூடியவை. அவற்றுக்கு யாரும் வழி திறந்துவிட வேண்டியதில்லை. கட்டி உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஆபத்து இருக்கிறது.

இதில் ஓர் உண்மையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றில் முக்கியமானது வில்ம்ஸ் கட்டி. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும். அதைச் சுற்றி மெல்லிய உறை இருக்கும். எடுக்கும்போது அந்த உறை கிழிந்து கட்டி வயிற்றுக்குள் சிந்தினால் நோயின் நிலை ஒரு படி ஏறிவிடும். கூடுதல் மருந்தும் கதிர்வீச்சும் தேவைப்படும். பழகிய கையிடம் போக வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். ஆப்பரேஷனே வேண்டாம் என்பதற்கு இது காரணம் ஆகாது.

அதனால்தான் வயிற்றின் குறுக்கே பெரிய வெட்டு போடுகிறோம். தழும்பு பெரிதாக இருக்கிறது என்று வருத்தப்படுகிற அம்மாக்களே, சின்னத் துளை வழியாகக் கட்டியைப் பிதுக்கி எடுத்தால் அது உடையும். சிறுநீரகத்திலிருந்து ரத்தம் திரும்பும் குழாயைக் கட்டுவதற்கு முன் விரலால் தடவிப் பார்ப்போம், கட்டியின் நுனி ரத்தக்குழாய்க்குள் நீண்டிருக்கலாம். சிறுநீர்க்குழாயை முடிந்தவரை கீழே போய் வெட்டுவோம். நிணநீர் முடிச்சுகளைத் தவறாமல் எடுத்து அனுப்புவோம். அதை விட்டுவிட்டால் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்றே சரியாகச் சொல்ல முடியாது, அடுத்த மருந்தும் தடுமாறும். கட்டியை அறுத்துப் பார்க்கும் வேலை எங்களுடையது அல்ல. முழுசாக நோயியல் மருத்துவரிடம் போகும்.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. “இன்னைக்கே எடுத்துருங்க டாக்டர்.” கீமோ, அதாவது புற்றுக்கான மருந்து, முதலில் என்று சொன்னால் முகம் மாறிவிடுகிறது, வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். ஐரோப்பிய முறையில், பரவாத வில்ம்ஸ் கட்டிக்கு நான்கு வாரம் மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டுத்தான் எடுப்பார்கள். அமெரிக்க முறையில் முடிந்தால் முதலில் ஆப்பரேஷன். இரண்டிலும் பிள்ளைகள் பிழைக்கிறார்கள். நம் ஊரில் கட்டி பெரிதாகித்தான் வருகிறது என்பதால் பல சமயம் மருந்து முந்துகிறது. கத்தி மட்டுமே இருந்த காலத்தில் பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை. 1950-களில் ஆக்டினோமைசின் என்ற மருந்து வந்த பிறகு நிலைமை மாறியது. இன்று வசதியுள்ள நாடுகளில் இந்த நோய் வந்த 100 பிள்ளைகளில் 90 பேர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். நுரையீரலுக்குப் போன பிறகும் பலரைக் காப்பாற்றலாம். அந்தக் குழித்துறைக் குழந்தைக்கும் மருந்து தொடங்கிவிட்டோம்.

எல்லாப் புற்றுக்கும் கத்தி இல்லை. ரத்தப் புற்றுக்கு மருந்துதான் வைத்தியம். அறுவை மருத்துவர்களான எங்கள் வேலை, மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் போர்ட் என்ற சின்னக் கருவியை வைப்பதோடு சரி. கண்ணில் வருகிற ரெட்டினோபிளாஸ்டோமா வேறு கதை. போட்டோவில் பிள்ளையின் கருவிழி நடுவில் வெள்ளையாக மின்னினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் வந்தால் பார்வையையே காக்க வாய்ப்புண்டு. முற்றிப்போய் கண்ணை எடுக்கச் சொன்னால் தயவுசெய்து மறுக்காதீர்கள். அந்த ஒரு கண்ணை எடுப்பது உயிரைக் காப்பாற்றும், செயற்கைக் கண் வைத்துக்கொள்ளலாம்.

தூத்தூர்ப் பக்கத்துப் பையன்களுக்குக் கால்பந்து இல்லாமல் முடியாது. முட்டுக்கு மேலே வீங்கினால் அடிபட்ட வீக்கம் என்று நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவுகிறார்கள். சுளுக்குக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரியில் எழுப்புகிற வலி, இரண்டு வாரமாகியும் வற்றாத வீக்கம் என்றால் முதலில் ஒரு எக்ஸ்ரே. எலும்புப் புற்றைத் தடவவே கூடாது. நேரத்தோடு வந்தால் கெட்ட எலும்பை மட்டும் எடுத்து உலோகம் பொருத்திக் காலைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வயிற்றை மெல்லத் தடவிப் பாருங்கள். கட்டி இருப்பது தெரிந்துவிட்டால் ஆளாளுக்கு அமுக்கிப் பார்க்காதீர்கள், சொந்தக்காரர்களையும் அமுக்க விடாதீர்கள். ‘திறந்து பார்ப்போம்’ என்று யார் சொன்னாலும், குழந்தைப் புற்றுக்கென்றே மருத்துவர் குழு இருக்கும் இடத்துக்குப் போங்கள். திருவனந்தபுரத்தில் ஆர்சிசி என்ற மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இலிருந்து இருக்கிறது, மார்த்தாண்டத்திலிருந்து தூரமும் அதிகமில்லை. பணம்தான் தடை என்றால் காணாமல் போய்விடாதீர்கள்; சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள், வழி தேடலாம்.

கட்டியை எடுத்தாயிற்று, இனி மருந்து எதற்கு என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ஸ்கேனில் தெரியாத செல்களுக்குத்தான் அந்த மருந்து. ஒரு சிறுநீரகத்தோடு பிள்ளை படிக்கும், விளையாடும். வருஷா வருஷம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். கீமோ ஓடும் மாதங்களில் காய்ச்சல் வந்தால் வீட்டில் மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் புறப்பட்டு வந்துவிடுங்கள்.