75-ஐத் தாண்டும் பின்னல்

இரண்டு துகள்கள் எவ்வளவு தூரம் பிரிந்தாலும் அவற்றை அளக்கும்போது வரும் விடைகள் ஒன்றுக்கொன்று தொடர்புடன் இருப்பதுதான் குவாண்டம் பின்னல் (entanglement). அதைப் பற்றி முதலில் கேள்விப்படுபவருக்கு அதில் பெரிய அதிசயம் எதுவும் தெரியாது. ஒரு ஜோடிச் செருப்பைப் பிரித்து, பெட்டிக்கு ஒன்றாக இரண்டு ஊர்களுக்கு அனுப்புகிறோம். இங்கே இடது வந்தால் அங்கே வலது. அவ்வளவுதானே? 1935இல் ஐன்ஸ்டைனின் எண்ணமும் ஏறக்குறைய இதுதான்: பிரியும்போதே விடை துகளுக்குள் இருக்கிறது, குவாண்டம் கோட்பாட்டுக்குத்தான் அதைச் சொல்லத் தெரியவில்லை.

இதை அளந்தே தீர்த்துவிடலாம் என்று 1964இல் இயற்பியலாளர் ஜான் பெல் காட்டினார். அவருடைய கணக்கை ஒரு விளையாட்டாகச் சொல்லலாம். இரண்டு பேர் தனித்தனி அறைகளில். ஒவ்வொருவருக்கும் முதல் கேள்வியோ இரண்டாம் கேள்வியோ குருட்டாம்போக்கில் வரும். பதில் ஆம் அல்லது இல்லை. இருவருக்குமே இரண்டாம் கேள்வி வந்தால் பதில்கள் மாறுபட வேண்டும். மற்ற மூன்று சேர்க்கைகளிலும் ஒத்துப்போக வேண்டும். முன்கூட்டி என்னதான் பேசி வைத்தாலும் 75 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க முடியாது. வேண்டுமானால் தாளில் போட்டுப் பாருங்கள்.

இப்போது ஆளுக்கொரு பின்னிய துகளைக் கொடுப்போம். கேள்விக்கு ஏற்ற கோணத்தில் துகளை அளந்தால் இரண்டில் ஒரு விடை வரும்; அதையே ஆம் அல்லது இல்லை என்று பதிலாகச் சொல்ல வேண்டும். இரு கோணங்களும் நெருங்கியிருந்தால் விடைகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். விலகியிருந்தால் பெரும்பாலும் மாறும். மூன்று சேர்க்கைகளில் கோணங்கள் நெருங்கியும் நான்காவதில் மட்டும் விலகியும் இருக்கும்படி அமைத்துக்கொண்டால், வெற்றி சுமார் 85 சதவீதம்! செருப்புக் கதையால் எட்டவே முடியாத எண் இது.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் 2015இல் இதை, சந்தேகத்துக்கு இடம் தரும் ஓட்டைகள் இல்லாமல் செய்து பார்த்தார்கள். சுமார் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரத்துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் எலெக்ட்ரான். ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க 4 மைக்ரோநொடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் கேள்வி தேர்ந்தெடுக்கப்பட்டு விடையும் பதிவாகிவிட்டது. அதனால் ஒரு பக்கம் மறுபக்கத்துக்குச் சேதி சொல்லியிருக்க வழியில்லை. பின்னல் அமைவதோ மகா அரிது: மணிக்கு ஒன்று தேறினால் பெரிது. 245 ஆட்டங்களில் 196 வெற்றி, அதாவது 80 சதவீதம்.

சரி, இதை வைத்து ஒளியை முந்திச் செய்தி அனுப்பலாமா? முடியாது. ஒரு பக்கத்து விடைகளை மட்டும் பார்த்தால் பாதி ஆம், பாதி இல்லை, வெறும் இரைச்சல். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்தால்தான் ஒப்புமை தெரியும். அதற்குப் பட்டியலை வழக்கமான வழியில்தான் அனுப்பியாக வேண்டும்.

245 ஆட்டம் கொஞ்சம் குறைவுதான். வெறும் அதிர்ஷ்டத்தில் இப்படி அமைய சுமார் 4 சதவீத வாய்ப்பு இருந்தது. அதே ஆண்டு வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஒளித்துகள்களை வைத்து நடந்த சோதனைகள் அதிர்ஷ்டத்துக்கான இடத்தையும் ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிட்டன.