ஃப்ளட் ப்ளெயின் சோனிங்: வெள்ளப்படுகை வரையறை

நகரமைப்புத் துறையில் ‘ஃப்ளட் ப்ளெயின் சோனிங்’ என்று வழங்கும் தொடர், ஓர் ஆறு பெருகும்போது அதன் நீர் எவ்வளவு தூரம் பரவும், எவ்வளவு ஆழத்துக்கு நிற்கும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அப்படிப் பரவ வாய்ப்புண்டு என்பவற்றைக் கணித்து, அந்தக் கணக்கின்படி நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று முன்கூட்டியே விதிப்பதைக் குறிக்கும். கரையை உயர்த்துவதும், வடிகால் வெட்டுவதும், வெள்ளம் சூழ்ந்தபின் படகு அனுப்புவதும் இச்சொல்லின் பொருளில் அடங்கா. புதிய மனைப்பிரிவுக்கோ அடுக்குமாடிக் குடியிருப்புக்கோ திட்ட அனுமதி கேட்டு வரைபடம் அலுவலக மேசைக்கு வரும் வேளையில் பேசப்பட வேண்டிய சொல் இது. தமிழில் ‘வெள்ளச் சமவெளி மண்டலமாக்கல்’, ‘வெள்ளப் பகுதி மண்டலப்படுத்துதல்’ என்று இதைப் பெயர்த்து எழுதுகிறார்கள். இவற்றைப் படிக்கும் ஊராட்சித் தலைவருக்கோ வீட்டுமனை வாங்கப் போகிறவருக்கோ ஒன்றும் விளங்காது என்பதால், இச்சொல்லைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூலத்தில் மூன்று சொற்கள் உள்ளன. ‘ஃப்ளட்’ என்பது ஓடுதலைக் குறிக்கும் பழைய செருமானிய வேரிலிருந்து வந்தது. ‘ப்ளெயின்’ என்பது தட்டையானது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ‘சோன்’ என்பதோ கிரேக்கத்தில் இடைக்கச்சையைக் குறித்த சொல். புவியுருண்டையைச் சுற்றிய வெப்பப் பட்டைகளுக்கு முதலில் ஆகிவந்து, பின்னர் நகரத்தின் தொழிற்பகுதி, குடியிருப்புப் பகுதி என்ற பிரிவுகளுக்கும் பெயரானது. முதலிரண்டும் சேர்ந்த தொடர் நிலவியலாருடையது. ஆறு ஆண்டாண்டாகப் பெருகிப் பெருகித் தன் வண்டலைப் படியவிட்டு உருவாக்கிய தட்டையான நிலம் என்பதே அதன் பொருள். ஆகவே அது ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு நிலமன்று. ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடந்தாலும் ஆற்றின் உறுப்பாகவே எண்ணத் தக்க நிலம்.

இந்தக் கருத்தை நகரமைப்பு விதியாக்கும் முயற்சிக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட். 1942இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில், அணைகளையும் கரைகளையும் மட்டுமே நம்பாமல், வெள்ளம் பரவும் நிலத்தை மனிதர் பயன்படுத்தும் முறையையே மாற்ற வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1968இல் அந்நாடு இயற்றிய தேசிய வெள்ளக் காப்பீட்டுச் சட்டம், இத்தகைய நிலப் பயன்பாட்டு விதிகளை ஏற்கும் ஊர்களுக்கே காப்பீடு என்று பிணைத்தது. அங்கிருந்து உலகெங்கும் பரவிய ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல், பெரும் தவறான எண்ணத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும், சென்ற முறை வந்துவிட்டதால் நம் காலத்தில் வராது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில், எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதே அதன் பொருள். முப்பதாண்டுத் தவணையில் வீட்டுக்கடன் வாங்கி அப்படிப்பட்ட இடத்தில் குடியேறும் ஒருவர், கடன் தீர்வதற்குள் ஒருமுறையேனும் அந்த வெள்ளத்தைக் காண்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. இதை ‘நூற்றிலொரு வெள்ளம்’ என்று தமிழில் சொன்னால் பிழை குறையும் என்று கருதுகிறேன்.

இங்கிலாந்தில் இந்த முறை இன்னும் நுணுக்கமாக வளர்ந்தது. ஆற்று வெள்ளத்துக்கான ஆண்டு வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான நிலம் முதற்பகுதி. அதற்கும் நூற்றில் ஒன்றுக்கும் இடைப்பட்டது இரண்டாம் பகுதி. நூற்றில் ஒன்றும் அதற்கு மேலும் உள்ளது மூன்றாம் பகுதி. மூன்றாம் பகுதிக்குள்ளேயே, வெள்ளக் காலத்தில் நீர் ஓடவும் தேங்கவும் தேவைப்படும் நிலம் தனியே பிரிக்கப்பட்டு, அங்கே குடியிருப்பு அடியோடு விலக்கப்படுகிறது. இப்பகுதிகளைக் குறிக்கும்போது கரைகளும் தடுப்புச் சுவர்களும் இல்லாதது போலவே நிலத்தைக் கணக்கிடுவது அங்குள்ள மரபு. கரை உடையக்கூடும் என்பதை மறக்காத அணுகுமுறை அது. புதுக் கட்டடம் எழுப்ப விரும்புபவர், அதைவிட ஆபத்துக் குறைந்த இடம் அக்கம்பக்கத்தில் கிடைக்கவில்லை என்பதை முதலில் காட்டியாக வேண்டும். ‘சீக்வென்ஷியல் டெஸ்ட்’ எனப்படும் அதனைத் தமிழில் ‘இடவரிசைத் தேர்வு’ எனலாம். எப்படிக் கட்டுவது என்ற கேள்வி, எங்கே கட்டுவது என்ற கேள்விக்குப் பின்னரே எழ வேண்டும் என்ற ஒழுங்கை அது நிலைநாட்டுகிறது.

இந்தியாவில் மத்திய நீர் ஆணையம் 1975ஆம் ஆண்டிலேயே இதற்கான மாதிரிச் சட்ட முன்வரைவை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. மணிப்பூர் 1978இல் சட்டம் இயற்றியது; பின்னர் ராஜஸ்தானும் உத்தராகண்டும் இயற்றின. பெரும்பாலான மாநிலங்கள் அசையவில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2008இல் வெளியிட்ட வெள்ள மேலாண்மை வழிகாட்டுதல்கள், மருத்துவமனை, மின் நிலையம், குடிநீர் நிலையம், தொலைபேசி நிலையம், விமான நிலையம் போன்றவை நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே அமைய வேண்டும் என்றும், குடியிருப்பு, கல்வி நிறுவனம், அரசு அலுவலகம் ஆகியவை இருபத்தைந்தாண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே அமைய வேண்டும் என்றும், பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் அடிக்கடி நீர் பரவும் இடத்தில் வைக்கலாம் என்றும் வரிசைப்படுத்தின. நல்ல வரிசை. ஆனால் வழிகாட்டுதல் சட்டமாகாது.

2015 டிசம்பர் முதல் தேதியைச் சென்னை மறந்திருக்காது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது, வழியிலுள்ள எண்ணற்ற ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துகொள்ள, முடிச்சூர் தொடங்கி மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை அடையாறு தன் பழைய அகலத்தை எடுத்துக்கொண்டது. மணப்பாக்கத்தில் ஆற்றோரம் இருந்த மருத்துவமனைக்குள்ளும் நீர் புகுந்தது. மருத்துவமனை எங்கே அமைய வேண்டும் என்று 2008இலேயே எழுதப்பட்டிருந்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அதே 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம், செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்பு, தென்கடற்கரையின் நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதி ஆகியவற்றுக்குத் தனி விதிகள் வகுத்தது. அடையாற்று வெள்ளம் பரவும் நிலத்துக்கென்று அத்தகைய தனிவகை ஒன்றை அது வகுக்கவில்லை.

அதற்குப் பதிலாக நடப்பில் இருப்பது நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று. ஏரி, ஆறு, ஓடை ஆகியவற்றுக்கு அருகிலுள்ள மனைக்கு நீர் சூழும் வாய்ப்பை ஆராய்ந்து இச்சான்று தரப்படுகிறது. அதில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகளுள் ஒன்று, மனையின் மட்டத்தை மண் கொட்டி இன்ன உயரத்துக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது. உயர்த்திய மனையில் நிற்க முடியாத நீர் அடுத்த தெருவில், பழைய வீடுகளின் வாசலில் போய் நிற்கிறது. அந்த வீட்டுக்காரரும் அடுத்த முறை தளத்தை உயர்த்திக் கட்டுகிறார். மாநகராட்சி சாலையை உயர்த்துகிறது. தனித்தனி மனைக்குச் சான்று தருவதும் ஒரு நிலப்பரப்பு முழுமைக்கும் வரையறை செய்வதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘வெள்ளம்’ பற்றி ஐயமில்லை. குறளில் ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம்’ என்னுமிடத்தில் அது நீரின் அளவையும், ‘வெள்ளத் தனைய இடும்பை’ என்னுமிடத்தில் பெருக்கையும் குறிக்கிறது. மலையாளத்தில் இன்றும் வெள்ளம் என்றால் நீர்தான். ‘சமவெளி’ பாடநூல் வழியாக வந்தது. நில அமைப்பைப் பேசும் புவியியல் பாடத்தில் ‘வெள்ளச் சமவெளி’ இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சமவெளி என்றதும் கங்கைச் சமவெளி போன்ற அகன்ற நிலப்பரப்பே மனத்தில் எழுகிறது. ஆற்றோடு ஒட்டிய நிலம் என்ற உணர்வு அதில் இல்லை.

அந்த உணர்வுள்ள சொல் ‘படுகை’. படுத்தல், படிதல் என்ற பொருளுள்ள ‘படு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. காவிரி, கொள்ளிடக் கரையோரத்தார் வழக்கில், ஆற்றின் கரைக்கும் நீரோட்டத்துக்கும் இடையே வண்டல் படிந்து கிடக்கும் நிலம் படுகை எனப்படும். வாழையும் காய்கறியும் பயிராகும் செழிப்பான மண் அது. ஆற்றில் பெருக்கு வந்தால் முதலில் மூழ்குவதும் அதுவே. மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் ஆகிய ஊர்களின் பெயர்களைப் பாருங்கள்: படுகை, மேடு, திட்டு, வெள்ளம், மணல் என்று நீரோடு தொடர்புள்ள சொற்கள் அனைத்தும் அவற்றில் இருக்கின்றன. 2018இலும் 2022இலும் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் உபரிநீர் பெருகியபோது இவ்வூர்களைத்தான் நீர் சூழ்ந்தது. மக்கள் முகாம்களுக்குப் போனார்கள்.

‘படுகை’க்கு ஓர் இடையூறு உண்டு. ‘காவிரிப் படுகை’ என்று எண்ணெய் எடுக்கும் துறையினர் பெரும்பரப்பையும், ‘ஆற்றுப்படுகை’ என்று செய்தித்தாள்கள் மணல் அள்ளப்படும் ஆற்றின் அடித்தளத்தையும் குறிக்கிறார்கள். ஆற்றின் முழு வடிகால் பரப்புக்கு நீர்வளத்துறையே ‘வடிநிலம்’ என்ற நல்ல சொல்லை வடிநிலக் கோட்டம், வடிநில வட்டம் என்று ஆண்டுவருவதால், அந்தப் பொருளை அதற்கே விட்டுவிடலாம். ‘வெள்ள’ என்ற அடைமொழி சேர்ந்து ‘வெள்ளப்படுகை’ ஆகும்போது மற்றக் குழப்பமும் நீங்கிவிடுகிறது.

‘நீர்நிலைப் புறம்போக்கு என்ற சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?’ என்று வருவாய்த்துறை அனுபவமுள்ளவர்கள் கேட்கக்கூடும். இந்தக் கேள்வியில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. புறம்போக்கு என்பது வரிக்கணக்குக்குப் புறத்தே விடப்பட்ட நிலம். தஞ்சைப் பெரியகோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப்போன வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றை ‘இறையிலி நீங்கு நிலம்’ என்று கழித்துவிட்டே வரிக்குரிய நிலத்தைச் சொல்கின்றன. அதே மரபில் ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் இன்றும் பதிவு இருக்கிறது. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழ்நாடு இயற்றிய சட்டமும் இந்தப் பதிவை நம்பியே செயல்படுகிறது. ஆயினும் இவையெல்லாம் நிலம் யாருடையது, எந்தக் கணக்கில் உள்ளது என்பதைச் சொல்லும் சொற்கள். ஆற்றுப் புறம்போக்கின் எல்லைக்கல்லுக்கு அப்பால் இருக்கும் பட்டா நிலத்திலும் நூற்றிலொரு வெள்ளம் பரவத்தான் செய்யும். அங்கே கட்டுபவர் ஆக்கிரமிப்பாளர் அல்லர். முறையாகப் பத்திரம் பதிந்து, வரி கட்டி, அனுமதி பெற்றவர். அவரைக் காக்கும் சொல் வருவாய்த்துறை அகராதியில் இல்லை. நிலவுடைமையைப் பாராமல் நீரின் போக்கை மட்டும் பார்த்து வகுக்கும் சொல் தேவைப்படுவது அவருக்காகத்தான்.

எஞ்சியிருப்பது ‘சோனிங்’. தமிழ்நாட்டில் ‘மண்டலம்’ என்றும் இலங்கையில் ‘வலயம்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே வட்டத்தைக் குறிக்கும் வடசொற்கள். மின்வாரிய மண்டலம், மாநகராட்சி மண்டலம் என்று ஆட்சிப் பிரிவுக்கே அச்சொல் பழகிப்போய்விட்டதால், கட்டுப்பாடு என்ற கருத்து அதில் தோன்றுவதில்லை. ‘வரையறை’ அப்படியன்று. கோடு என்னும் பொருளுள்ள ‘வரை’யும், தீர்த்து முடிவு செய்வதைக் குறிக்கும் ‘அறு’வும் சேர்ந்தது அது. தொகுதி மறுவரையறை என்னும்போது எல்லை குறித்தலையும், வரையறையின்றிச் செலவழித்தான் என்னும்போது கட்டுப்பாட்டையும் அது உணர்த்துகிறது. எல்லை குறித்தல், அதற்குள் கட்டுப்படுத்துதல் என்ற இரண்டும் கூடியதே ‘சோனிங்’ என்பதால், ‘வெள்ளப்படுகை வரையறை’ என்பது மூலத்தின் பொருளை முழுமையாகத் தாங்குகிறது.

இதை அடியாகக் கொண்டு கிளைச்சொற்களையும் எளிதில் அமைக்கலாம். நீரோட்டத்துக்கே உரிய, எதுவும் கட்டக்கூடாத பகுதி ‘தடைப்படுகை’. தரைத்தளத்தைத் தூண்கள்மேல் உயர்த்துதல், அடித்தள நிறுத்துமிடத்தை விலக்குதல் போன்ற நிபந்தனைகளோடு கட்டலாகும் பகுதி ‘கட்டுப்பாட்டுப் படுகை’. கட்டலாம், ஆனால் குடியிருப்போருக்கு ஆபத்தை எழுத்தில் தெரிவித்தாக வேண்டிய பகுதி ‘எச்சரிக்கைப் படுகை’. முழுமைத் திட்ட வரைபடத்தில் இம்மூன்றும் புல எண்ணோடு குறிக்கப்பட்டு, வில்லங்கச் சான்றைப் போல மனை வாங்குபவர் கேட்டுப் பெறும் தாளிலும் இடம்பெறுமானால், ‘இந்த மனை எந்தப் படுகையில் வருகிறது?’ என்று விற்பவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எவரும் கேட்க முடியும்.