யூக்காவுக்குத் தினமும் தண்ணீர் வேண்டாம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உள்ள என் செடிக்கடைக்கு “காய்ஞ்சு போச்சு” என்று திரும்பி வரும் யூக்காக்களில் பெரும்பாலானவை காய்ந்தவை அல்ல, அழுகியவை. இலை மஞ்சளாகித் தொங்கியதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றிவிடுகிறார்கள். அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பழுத்த பப்பாளிபோல் அமுங்கினால் வேர் எப்போதோ போய்விட்டது. கீழ் இலை ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளானால் பயப்பட வேண்டாம், அது வயசு.

நாம் வீட்டில் வைக்கும் தடித்த தண்டு யூக்கா, மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துச் செடி. எல் சல்வடோரின் தேசிய மலரும் இதுதான். அங்கே பூவைச் சமைத்தே சாப்பிடுகிறார்கள். தண்டிலேயே தண்ணீரைச் சேர்த்து வைப்பதால் வறட்சியைத் தாங்கும். நம் ஊரிலோ மழைக்கும் ஈரக்காற்றுக்கும் குறைவே இல்லை. அதிலும் வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீட்டு ஹாலில் டிவி பக்கத்து இருட்டில் வைத்தால் செடி மெதுவாகத்தான் குடிக்கும், மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஜன்னலோரம் நல்லது. சாரல் அடிக்காத கார் போர்ச் இன்னும் நல்லது. ஆனால் ஹாலில் இருந்ததை ஒரேயடியாக மதிய வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றுவது என்று எல்லோரும் கேட்பார்கள். நாள் கணக்கு எதற்கு? இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி ஒன்றைப் பூச்சட்டியில் ஆழமாகச் செருகி, சற்று நேரம் கழித்து உருவுங்கள். ஈரமண் ஒட்டியிருந்தால் ஊற்றாதீர்கள். காய்ந்து வந்தால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றலாம். துளையில்லாத பளபளப்புச் சட்டியும் வேண்டாம், வீட்டுப் பின்னால் தோண்டிய களிமண்ணும் வேண்டாம். கருமண், பருமணல், எரித்த உமி மூன்றையும் சமமாகக் கலந்தால் போதும்.

தோட்டத்து வேலைக்காரர் வீட்டில் செம்பனை உரம் எப்படியும் ஒரு மூலையில் இருக்கும். அதில் ஒரு கை அள்ளிப் போடுவது நம் வழக்கம். சின்னச் சட்டியில் உப்பு ஏறி இலை நுனி கருகிவிடும், ஐயா.

சரி, அழுகிவிட்டது. மேல்தண்டு கெட்டியாக இருந்தால் காப்பாற்றலாம். பழுப்பு நிறமே தெரியாத சுத்தமான தண்டு வரும்வரை வெட்டி, நிழலில் சில நாள் உலரவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். இலையில்லாத துண்டுகளையும் நடலாம். வெட்டும்போதே மேல்பக்கத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். தலைகீழாக நட்டுவிட்டு முளைக்கவில்லை என்று வருபவர்கள் உண்டு.

சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைக் கவனியுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதில் தேங்கும் தண்ணீர் போதும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ் சுகாதார அதிகாரிகள் வீட்டுக்கே வந்து அபராதம் போடலாம்.

வீட்டில் நாய், பூனை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். யூக்காவில் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. மென்றால் வாந்தியும் எச்சில் ஒழுகலும் வரும். அப்படி நடந்தால் கடித்த இலைத்துண்டையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.