கம்பெனி கேட்டில் நின்ற நேரம் யார் கணக்கு?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். ஷூ கம்பெனிக்காரர், லாரி ஆபீஸ்காரர், கஸ்டம்ஸ் ஏஜென்ட் மூவரிடமும் "போன மாதம் எத்தனை லோடு நேரத்துக்குப் போனது?" என்று கேட்டுப்பாருங்கள். மூன்று பதில் வரும். மூன்றும் உண்மைதான்.

லாரி சொன்ன நேரத்துக்குக் கேட்டுக்கு வந்ததா என்பது கம்பெனியின் கணக்கு. லோடு ஏறி, பில் கைக்கு வந்து, வண்டி கிளம்பியதிலிருந்துதான் லாரிக்காரரின் கணக்கு தொடங்கும். ஏஜென்ட்டுக்கோ, துறைமுகம் கன்டெய்னரை ஏற்கும் கடைசி நேரம்தான் எல்லாம். நடுவில், பேக்கிங் முடியாமல் கேட்டில் வண்டி நின்ற நாலைந்து மணி நேரத்தை யாரும் எழுதுவதில்லை.

அது டிரைவர் தலையில் விழுகிறது. ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் 200 கிலோமீட்டருக்குள்தான். இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்சீட்டு) கணக்கில் அது ஒரு நாள் தூரம். ஆனால் கேட்டில் போன நேரத்தை அவர் ராத்திரி ஹைவேயில்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் பகலெல்லாம் வெயிலில் காத்திருந்துவிட்டு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். காத்திருப்பை வேலையாக எழுதாவிட்டால் அந்த 8 மணி நேரத்துக்கு என்ன அர்த்தம்? எனக்கு இதில் கோபமே வருகிறது.

20 அடி, 40 அடி கன்டெய்னருக்கு உலகம் முழுக்க ஒரே அளவு. அதனால்தான் ஒரே பெட்டி லாரியிலும் ரயிலிலும் கப்பலிலும் உட்காருகிறது. நேரத்துக்கும் அப்படி ஒரு பொது அளவு வேண்டும். வண்டி கேட்டுக்கு வந்தது, லோடிங் தொடங்கியது, கிளம்பியது, சேர்ந்தது: இந்த நான்கையும், சரக்கை ஏற்றிக்கொண்டதற்கு லாரிக்காரர் தரும் எல்.ஆர். ரசீதிலேயே எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அப்புறம், சராசரியை மட்டும் நம்பாதீர்கள். லோடு போய்ச்சேர சராசரி எட்டு மணி நேரம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் நாலு மணி நேரம், இன்னொரு நாள் பன்னிரண்டு என்றால், கம்பெனி பயந்துபோய் ஒரு நாள் முன்னதாகவே சரக்கை அனுப்பும். அது யார்டில் வாடகை கொடுத்துக்கொண்டு கிடக்கும். எத்தனை லோடு சொன்ன நேரத்துக்குள் சேர்ந்தது என்று எண்ணுவதே சரி.

உலக வங்கியின் 2023 லாஜிஸ்டிக்ஸ் (சரக்குப் போக்குவரத்து) தரவரிசையில் 139 நாடுகளில் இந்தியாவுக்கு 38-ஆவது இடம். அதில் பார்க்கப்படும் ஆறு அம்சங்களில் நேரம் தவறாமையும் ஒன்று. 2030-க்குள் முதல் 25-க்குள் வருவதுதான் நாட்டின் இலக்கு. அதில் நம் பங்கு, கம்பெனி கேட் ரிஜிஸ்டரில் "லோடிங் தொடங்கிய நேரம்" என்று ஒரு கட்டம் கூட்டுவதில் தொடங்கட்டும். எத்தனை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் ஹால்டிங் காசு (காத்திருப்புக் கட்டணம்), அதில் டிரைவருக்கு எவ்வளவு என்பதை லாரி சங்கமும் ஏற்றுமதியாளர்களும் சீசனுக்கு முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.